இரண்டாம் தொடுகை

எண்பத்து மூன்றாவது நிமிடம்.
ஹுட்வில் மைதானத்தில் மூடுபனி
கோல் கம்பத்தின் இடுப்புவரை இறங்கியிருந்தது.
பார்க்க வந்தவர்கள் பதினாறு பேர்,
நாய்கள் இரண்டையும் சேர்த்து.
ஐந்தாம் லீகாவில் கோட்டு நடுவர் கிடையாது.
விசில், இரண்டு அட்டை, ஒரு மணிக்கூடு,
நான்.

சிவப்பு அணியின் தடுப்பாட்டக்காரன்
தன் கோலியிடமே பந்தைத் தள்ளினான்,
காலால், தெரிந்தே, நிதானமாக,
பக்கத்து இலைக்கு உப்பு நகர்த்துவதுபோல.
நிஃபெனெக்கர் குனிந்து
இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டான்.
வாரநாட்களில் கூரைக்கு ஓடு வேய்பவன்.
கீழிருந்து எறியும் ஓட்டை
ஏணியில் நின்றே பிடிக்கிற கை.

ஊதினேன்.
வலது கையைத் தலைக்கு மேல் நிறுத்தினேன்.

இந்தக் கைக்கு ஒரே பொருள்தான்:
நேரே போனால் கோல் இல்லை.
உதைத்தவனைத் தவிர இன்னொருவர் மேல்,
யாராயிருந்தாலும், எதிராளியே ஆனாலும்,
முதுகோ முழங்காலோ மூக்கோ,
பட்டுப் போகவேண்டும்.
படும்வரை கை இறங்கக் கூடாது.

"என்ன அக்கா, பஸ் மறிக்கிறீங்களோ?"
நீல அணியின் சேயோன்.
களத்தில் நான் அக்கா இல்லை என்று
போன மாதமே சொல்லியாயிற்று.

கோலுக்கு ஐந்து மீட்டரில் பந்து.
சிவப்புப் பதினொருவரும் கோட்டின் மேல்
தோளோடு தோள்.
ரயில் தங்கள் மேலேதான் வரும் என்று தெரிந்தும்
தண்டவாளத்தில் நிற்பவர்களைப்போல.
சிலர் முகத்தைப் பொத்தினார்கள்.
பலர் முகத்தைப் பொத்தவில்லை.

இப்படி வருகிற கோல்களை எனக்குத் தெரியும்.
அழகானவை அல்ல.
ஒருவன் தொடுவான், ஒருவன் அடிப்பான்,
அது யாரோ ஒருவன் தொடையில் மோதி
கால்களின் காட்டுக்குள் தொலைந்து
மூன்றாம் ஆள் குதிக்காலில் உருண்டு
வெட்கப்பட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டும்.

சேயோன் தொடவேண்டும். பெஸ்னிக் அடிக்கவேண்டும்.
வியாழக்கிழமைதோறும் பழகியதுதான்.
சேயோன் ஓடி வந்தான்,
ஈரப்புல்லில் சறுக்கிப்
பந்துக்கு ஒரு சாண் இப்பால் உட்கார்ந்துவிட்டான்.
பெஸ்னிக்கின் கால் ஏற்கெனவே புறப்பட்டிருந்தது.

நேரே.
ஒருவர் மேலும் படாமல்,
வரிசையில் ஆகக் குள்ளமானவனின்
உச்சந்தலைக்கு மேலே இருந்த வெறுமையைத் தேடி.

நடுவருக்கு விருப்பம் கிடையாது.
ஆனால் மேலே நின்ற என் கை
சட்டப் புத்தகத்தின் முழுக் குரலில்
சொல்லிக்கொண்டேதான் இருந்தது:
விடு.
விட்டால் கோல் கிக்.
விட்டால் ஒன்றுக்கு ஒன்று, வீட்டுக்குப் போகலாம்.
விடு, நிஃபெனெக்கர்.

எறிந்ததைப் பிடித்தே வளர்ந்த கை
எப்படி விடும்?
பக்கவாட்டில் பறந்தான்.
இரண்டு விரல். அதுவும் கையுறையின் நுனி.
தட் என்று ஒரு சத்தம்,
எனக்கும் அவனுக்கும் மட்டும் கேட்டது.
வலை புடைத்தது.

கையை இறக்கினேன்.
மைதானத்தின் நடுவைக் காட்டினேன்.

சேற்றோடு வந்து நின்றான்.
"நான் தொடாமல் இருந்திருந்தால்?"
"கோல் கிக்."
கையுறையைக் கழற்றி
உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோல்
எட்டிப் பார்த்தான்.
பிறகு சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அறிக்கைப் படிவத்தில்
கோல் அடித்தவருக்கு ஒரு கட்டம்.
பெஸ்னிக்கின் எண்ணை எழுதினேன்.
சறுக்கியவனுக்கும் விரல் நுனிக்கும்
கட்டம் இல்லை.

ஒன்று ஏழுக்கு வரவேண்டிய பஸ்
பனியில் என்னைக் காணாமல் போய்விடும்போல் வந்தது.
வலது தோள் இன்னும் கடுத்தது.
இடது கையைத் தூக்கினேன்.