கைமாற்று

டுலூத் நகராட்சிப் பனிவண்டிக் கொட்டகையில்
இரவு இரண்டே கால்.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தேழு.
பனி இன்னும் விழவில்லை. விழும் என்று
சம்பளம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள் எங்களை.

ஏரி இறுகிவிட்டது, கப்பல் இல்லை.
பேஸ்பால் தொடங்கப் பதினொரு வாரம்.
பேச மிச்சமிருப்பது
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின்
இடது கை.

"தள்ளிவிடு" என்கிறார் ஹாப்பலா,
உப்புப் பூத்த பூட்ஸை ஹீட்டர் பக்கம் நீட்டி.
"வருஷத்துக்கு இருநூறு இன்னிங்ஸ் வீசுகிற
முப்பத்து நாலு வயசுக்காரன் கிடைக்கிறான் என்றால்
பையனைக் கொடு,
பையனுக்குத் தம்பி இருந்தால் அவனையும் கொடு.
எனக்கு அறுபத்தொன்று.
இவன் விளைந்து வரும்வரை
என் இதயக்குழாய் காத்திருக்குமா?"

ரோசலிண்ட் ட்வெய்ட் விடுவதாயில்லை.
வாங்கி வாங்கிக் கெட்ட வருஷங்களை
விரல் மடக்கி எண்ணுகிறாள்:
தோள் கிழிந்தே வந்து சேர்ந்தவன்,
வந்த மாதமே முதுகைப் பிடித்துக்கொண்டவன்,
ஒன்பது கோடி டாலர் வாங்கி
ஒன்பதே ஆட்டம் ஆடியவன்.
நாம் கொடுத்தனுப்பியவனோ
அங்கே போய்ப் பழுத்து
அக்டோபரில் நம்மையே வந்து சாய்த்தவன்.
விரல் தீர்ந்துபோய்
என் கையை இழுக்கிறாள்.

நான் திங்களன்று ஹாப்பலா கட்சி,
வியாழனன்று ரோசலிண்ட் கட்சி.
முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்லிவிடலாம்.
முழங்கையைப் பார்த்து
இதுவரை யாரும் சொன்னதில்லை.

மூன்றாம் வண்டி ஓட்டும் சூ லோர் மட்டும்
பையனை நேரில் பார்த்தவன்.
போன கோடையில், அயோவாவில்,
சோளக்காட்டை ஒட்டிய ஒரு சின்ன மைதானம்.
ஆறு மணி நேரம் ஓட்டிப் போயிருக்கிறான்.
"எப்படி வீசினான்?"
"வீசவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஓய்வு."

சிரித்தோம். ஹாப்பலாவுக்குப் புரையேறிவிட்டது.
சூ லோர் சிரிப்பு அடங்கக் காத்திருந்தான்.

"வேலியோரம் உட்கார்ந்து
இன்னொருத்தன் வீசுவதை எண்ணிக்கொண்டிருந்தான்,
பஸ் கண்டக்டர் மாதிரி ஒரு சின்ன எண்ணியை அழுத்தி அழுத்தி.
எண்ணி, காபி, பை, கதவுக் கைப்பிடி
எல்லாம் வலது கையில்.
இடது கையை
இரவல் வாங்கிய பாத்திரத்தைப் போல
மடியில் வைத்திருந்தான்.
நானும் சேர்ந்து எண்ணினேன்."

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்,
நோட்டு இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு ரேடியோ சொன்னது:
பேரம் முடிந்தது.
முப்பத்து நாலு வயது வருகிறது.
பையன் போகவில்லை!
போவது ஒரு கேட்சர்,
நாங்கள் கேள்விப்பட்டேயிராத ஒரு வலதுகை,
கூடவே
'பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஒருவர்.'

ஹாப்பலாவும் ரோசலிண்டும்
ஒருவரையொருவர் ஜெயித்துவிட்டதாக
ஒரே நேரத்தில் மேஜையைத் தட்டினார்கள்.
டோனட் டப்பா கீழே விழுந்தது.

கைமாற்று என்றால்
சம்பளத் தேதியில் திருப்பித் தந்துவிட வேண்டும்.
இது அந்த வகையில்லை.
இதில் கைதான் மாறுகிறது,
கையைத் தனியே அனுப்ப வழியில்லாததால்
ஆளும் கூடவே
பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

எங்கோ ஒரு பையன்
தன் பெயர்தான் அந்தப் 'பின்னர்' என்று தெரியாமல்
தோளில் ஐஸ் கட்டித் தூங்கிக்கொண்டிருப்பான்.

"அன்றைக்கு வீசினவன் யார்?" என்றேன்.
"யார்?"
"அயோவாவில். உன் பையன் எண்ணினானே, அவன்."

சூ லோர் நோட்டைப் பிரித்தான்.
பக்கம் பக்கமாய்க் கோடுகள்,
நான்கு நிமிர்ந்தும் ஐந்தாவது சாய்ந்தும்.
இங்கும் அங்கும் புரட்டினான்.
அட்டையின் பின்பக்கம்கூடப் பார்த்தான்.

"எண்பத்தெட்டுப் பந்து" என்றான்.
"ஏழாவது இன்னிங்ஸில் கொஞ்சம் நொண்டினான்.
பெயர் எழுதவில்லை."

கூரைத் தகரத்தில் சத்தம் மாறியது.
ரோசலிண்ட் எழுந்துபோய்க் கதவைத் தூக்கினாள்.
விளக்குக் கம்பத்தைச் சுற்றி
வந்துவிட்டது.

உப்பேற்றப் போனோம்.
ஹாப்பலா மட்டும்
வண்டியை உறுமவிட்டு, ஜன்னலை இறக்கி,
"வலதுகையா இடதுகையா,
அதாவது ஞாபகமிருக்கா?" என்று
கத்திக்கொண்டே இருந்தார்.