ஐந்து நிமிட ஓய்வு

கையில் பட்டை கட்டும்போது
டாக்டர் பொண்ணு சொன்னாள்:
பேசக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது,
ஐந்து நிமிஷம் சும்மா உட்காரணும்.

சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.
பாலக்கோடு மண்டியில்
முப்பத்தொரு வருஷம் தக்காளி கிரேடு தூக்கியவன்.
கிரேடுக்கு இருபத்தைந்து கிலோ,
மழை பிடித்தால் சேற்றோடு இருபத்தேழு.
விலை நாலு ரூபாய்க்கு விழுந்த நாளிலும்
நூறுக்கு ஏறிய நாளிலும்
தோளுக்கு வந்த எடை அதேதான்.

தர்மபுரி மெடிக்கல் காலேஜ், மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு பக்கம்,
இருபதுகளில் இருப்பவர்கள் ஒரு பக்கம்.
முந்நூறு ரூபாயும் ஒரு முட்டை பப்ஸும் உண்டென்று
கூட்டிவந்தவன் குரப்பன்.
அவன் பப்ஸைத் தின்றுவிட்டு
பஸ் ஏறிவிட்டான்.

காலால் தள்ளும் எந்திரம்.
உன்னால் அதிகபட்சம் எவ்வளவு என்று முதலில் பார்த்து
அதில் பத்துக்கு நாலு பங்கு,
பிறகு ஆறு, பிறகு எட்டு.
மண்டியில் இப்படி யாரும் பங்கு பிரித்துத் தந்ததில்லை.
அங்கே எப்போதும் பத்துக்குப் பத்து,
லாரி உறுமத் தொடங்கிவிட்டால்
பத்துக்குப் பன்னிரண்டு.

அப்போதுதான் எதிர் நாற்காலிக்கு ஆள் வந்தது.
கறுப்பு பனியன், முறுக்கிய புஜம்,
மாதேஷ்.
ஃபைனான்ஸ் வசூல் பையன்.
எனக்கு மூன்று தவணை பாக்கி.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சுவரில் தொங்கிய
சிவப்பும் நீலமுமான இதயத்தைப் பார்த்தேன்.
பட்டை இறுகியது.

நூற்று ஐம்பத்தாறு.

'இன்னும் எதையும் தள்ளவே இல்லையே தாத்தா?'
புருவம் சுருக்கினாள் டாக்டர் பொண்ணு.
நான் என்ன சொல்ல,
பேசக் கூடாதென்று சொன்னவளே அவள்தானே.
'சரி, இன்னொரு ஐந்து நிமிஷம்.'

அந்த இரண்டாவது ஐந்து நிமிஷத்தில்தான்
எனக்கு உறைத்தது:
சட்டம் அவனுக்கும் உண்டு.
அவன் கையிலும் பட்டை.
வீட்டு வாசலில் பைக்கை உறுமவிட்டு
பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த வாய்
என்னெதிரே மூடியிருக்கிறது.
மின்விசிறி மட்டும் கீச்சிட்டது.

நூற்று முப்பத்தெட்டு.

பிறகு தள்ளினோம்.
'மூச்சை அடக்காதீங்க, விட்டுக்கிட்டே தள்ளுங்க.'
நாலு பங்கில் நூற்று ஐம்பத்தொன்று,
ஆறில் நூற்று எழுபது,
எட்டில் என் காதுக்குள் லாரி ஏறியது,
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
அவனுக்கும் ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் நூற்று ஐம்பத்தைந்தில் நின்று
ஒரு நிமிஷத்தில் இறங்கி
ஒன்றுமே நடக்காதது போல் தண்ணீர் குடித்தான்.
எனக்கோ படி படியாக,
ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து.

வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்த
சொட்டுநீர்க் குழாயைக் கையில் வளைத்திருக்கிறேன்.
புதுசு நெளிந்து கொடுக்கும்.
பழசு தண்ணீர் வந்ததும் விறைக்கும்,
மூட்டில் பீய்ச்சும்.
உங்க ரத்தக்குழாயும் அப்படித்தான் என்றாள்,
குழாயை நான் சொன்ன பிறகு.

தாளில் என் நம்பர்களை எழுதி
மேஜையில் வைத்தாள்.
மாதேஷ் தலைசாய்த்துப் படித்தான்.
மாதாமாதம் என் கணக்கைப் படிக்கிறவன்,
இந்தக் கணக்கில் எங்கே தட்டுவதென்று தெரியாமல்
கொஞ்சநேரம் அதையே பார்த்தான்.
வாய் திறந்தான்.
அவள் உதட்டில் விரல் வைத்தாள்:
கடைசி ஓய்வு, இன்னும் முடியவில்லை.

நூற்று முப்பத்தைந்து என்றது எந்திரம்.
'அவ்வளவுதான் தாத்தா, இறங்கிடுச்சு. போகலாம்.'

கீழே அவன் பைக், என் பைக்குப் பக்கத்தில் இல்லை,
எனக்குப் பைக்கே இல்லை,
பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும்,
அவனும் அந்த வழிதான்.

'இன்னும் இறங்கலேம்மா' என்றேன்.
'இன்னொரு ஐந்து நிமிஷம்.'
பட்டையைக் கழற்ற வந்தாள்.
நான் கையை
மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.