இருபது எட்டு தூரம்

விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்து
ஆர்லோ மெல்ல விசிலடித்தான்.
எல்கோ நகரம், நெவாடா. செப்டம்பர் காற்று.
கடையின் பின்முற்றத்தில் ஜெனரேட்டர்கள்:
சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று,
சக்கரம் வைத்த கறுப்புப் பூதம் ஒன்று.

என் கையில் ஒரு பழைய உறை.
அதன் முதுகில் நேற்றிரவு எழுதிய கணக்கு:
காபி மெஷின் தொள்ளாயிரம் வாட்.
மைக்ரோவேவ் ஆயிரத்துச் சொச்சம்.
ஏசி ஓடும்போது ஆயிரத்து முந்நூறு,
கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்
(எங்கள் மூத்தவன் மாதிரி,
எழுப்புவதுதான் பாடு, எழுந்துவிட்டால் சாது).
ராத்திரி ஆர்லோவின் மூச்சுக்கு மாட்டும் முகமூடி
வெறும் நாற்பது.

டேவன் என்ற பையன், காதில் பென்சில்,
டெசிபல் என்றான், இன்வெர்ட்டர் என்றான்,
ஆயிரம் அடி ஏற ஏற
மூன்று சதவீதம் சக்தி இளைக்கும் என்றான்.
நாங்கள் ஏறப்போவது ஏழாயிரம்.
எனக்கும் அதே கணக்குத்தான் என்றேன்.
சிரிக்கவில்லை. கமிஷன் பார்க்கிற பிள்ளை.

“பெரிசா வாங்கிட்டா அப்புறம் பேச்சே இல்லை”
என்றான் ஆர்லோ, பூதத்தைத் தடவியபடி.
உண்மைதான். போன வருடம் ஏரிக்கரையில்
பக்கத்து டிரெய்லர்க்காரன் அதைத்தான் வைத்திருந்தான்.
சாப்பாடு முழுக்கச் சைகையில் நடந்தது.
உப்பு கேட்டேன், கெட்ச்அப் வந்தது.
விரலுக்கேற்ற வீக்கம் போதும் எனக்கு.

“அந்த வேலியோரம் போய், முதுகைக் காட்டி நில்லு.
இருபது எட்டு.
கத்த மாட்டேன். உப்பு கேட்கிற குரலில்
உன் பேரைச் சொல்வேன். கேட்டால் திரும்பு.”

கறுப்பு உறுமியது. ஆர்லோ, என்றேன்.
அவன் தொப்பி அசையவில்லை.
மஞ்சள். ஆர்லோ.
சிவப்பு, தையல் மெஷின் போல முணுமுணுத்தது.
ஆர்லோ.
நிறுத்தியிருந்த பிக்கப் வண்டிகளை
எண்ணிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

“இது நாம பேசுறதை விடச் சத்தம் கம்மி, மேடம்”
என்று சொல்லி டேவன் அதையும் அணைத்தான்.
கொடிக்கம்பத்தில் கயிறு மோதுவது
அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

ஆர்லோ, என்றேன்.

டேவன் தன் ஷூவைப் பார்த்தான்.

நாற்பத்தொரு வருடம்.
அதில் எத்தனை வருடம்
டிவியைத் திட்டினேன், நெடுஞ்சாலையைத் திட்டினேன்,
பாத்திரம் கழுவும் மெஷினைத் திட்டினேன்,
அவன் பிடிவாதத்தைத் திட்டினேன்.

நடந்துபோய்த் தோளைத் தொட்டேன்.
“எது?” என்றான்.
“சிவப்பு.”
“நானும் அதைத்தான் நினைச்சேன்.
அதிலதான் தெளிவாக் கேட்டுச்சு.”

சரி என்றேன்.
உறையை எடுத்து ஏசியை அடித்தேன்.
பிறகு சிவப்பைத் தரையிலிருந்து தூக்கிப் பார்த்தேன், தனியாக.
இருபத்தொரு கிலோ.
முழங்கால் ஏதோ சொன்னது, ஆனால் எழுந்தது.
அவன் தோளில் தையல் போட்ட பிறகு
தூக்குவது என் இலாகா.

இப்போது ரூபி மலையடிவாரம்.
புகை எங்கள் ஜன்னல் பக்கம் வராமல்
காற்றுப் போகும் திசையில் தள்ளி வைத்து,
சங்கிலி போட்டுப் பூட்டி,
நான் கயிற்றை இழுத்தேன்; மூன்றாவது இழுப்பில் பிடித்தது.
அவன் உள்ளே, பாட்டரி சார்ஜரின் பச்சைப் பொட்டைப் பார்த்துக்
கட்டைவிரலை உயர்த்தினான்.

பத்து மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, முகாமின் சட்டம்.
அணைத்துவிட்டு வந்தேன்.
ஆஸ்பன் இலைகள் சலசலத்தபடி இருந்தன,
யாரோ கூடாரத்தின் ஜிப்பை இழுத்தார்கள்,
எல்லாம் எனக்கு மட்டும்.
அவன் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு
படுக்கையோரத் தகரச் சுவரில் உள்ளங்கையைப் பதித்திருந்தான்,
குதிரையின் விலாவைத் தொடுகிறவன் மாதிரி.

“நிறுத்திட்டியா?”
கொஞ்சம் உரக்கவே கேட்டான்.
எங்கோ ஒரு நாய் குரைத்தது.
இருட்டில் தலையாட்டினேன்.
பிறகு ஞாபகம் வந்து,
அந்தக் கையைச் சுவரிலிருந்து எடுத்து
இரண்டு முறை தட்டினேன்.