ஒன்றுக்குப் பன்னிரண்டு

கோடியக்கரை நுழைவாயிலில்
எனக்குப் பாதிக் கட்டணம்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
'எழுபது சதவீதமா' என்றார் சீட்டுக் கொடுப்பவர்,
ஆடித் தள்ளுபடி விசாரிப்பவர் மாதிரி.
சம்சுதீனுக்கு நூறு.
பள்ளியிலிருந்தே அவன்
என்னைவிட அதிக மதிப்பெண்.

தோப்புத்துறையிலிருந்து வரும் வழியெல்லாம்
வாடையை வைத்தே
எந்தப் பாத்தியில் உப்பு வாரியாயிற்று,
எதில் இன்னும் நீர் நிற்கிறது என்று
பின்சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான்,
மடக்கிய என் நாற்காலியைக் கட்டிப்பிடித்தபடி.
சரியா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.
ஸ்கூட்டரை ஓட்டுவது நான்.

பார்வைக் கோபுரம்.
நாற்பத்திரண்டு படி.
எண்ணியது சம்சுதீன், ஏறிப்போய்
இறங்கி வந்து.
'மேலே என்ன தெரியுது?'
'காத்து.'

காவலர் பக்கிரிசாமி நல்ல மனுசர்.
'நாலு பேரக் கூப்பிடுறேம்மா,
அப்படியே தூக்கிடலாம்.'
தூக்குவது எனக்குத் தெரியும்.
வங்கியில், வாக்குச்சாவடியில்,
அக்கா கல்யாணத்தில் மாடி மண்டபத்துக்கு.
தூக்கப்படுகிறவளுக்குத் தெரிவது
வியர்த்த பிடரியும் விட்டமும்தான்.
தோளில் புறப்பாடு போகும் அம்மனைக் கேளுங்கள்,
ஒரு திருவிழாவையாவது பார்த்தாளா என்று.

'பூநாரைகூட ஒத்தக்கால்லதாம்மா நிக்குது'
என்றார் ஆறுதலாக.
இதை மூன்றாவது முறை கேட்கிறேன்.
வேண்டும்போது அது
மற்றக் காலையும் இறக்கிக்கொள்ளும் என்பதைச்
சொல்லவில்லை.

கீழேயே இருந்தோம்.
பத்தடி உருட்டிப் பார்த்தேன்.
சேறு அப்பி முன்சக்கரம் இரண்டும்
பணியாரமாய் உப்பின.
உமரிச் செடிகளுக்கு அப்பால்
நீர் ஒரு வெள்ளைக் கோடு,
கோட்டின்மேல் இளஞ்சிவப்பாய் ஒரு தீற்றல்.
எனக்கு அவ்வளவுதான்.

சம்சுதீன் கையைத் தூக்கினான்: பேசாதே.
காற்று திரும்பியபோது வந்தது,
பந்தி திறக்குமுன் கல்யாண வீட்டில் எழுமே
அந்த இரைச்சல்.
'ஆயிரத்துக்கு மேல இருக்கும்.
இடது ஓரத்துல ஏதோ சண்டை.'

அவன் கேட்டுக்கொண்டிருக்க
நான் தரையைப் பார்த்தேன்.
தட்டை.
கல்லணையிலிருந்து இங்கே வரை
காவிரி படியிறங்கி வரவில்லை.
மைலுக்கு இரண்டடி என்று
அவசரமில்லாமல் சாய்ந்து சாய்ந்தே
கடலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.
சாய்தளத்தில் வந்த தண்ணீர்
போட்டுவைத்த மண்ணில்
யார் கொண்டுவந்து இறக்கினார்கள்
இத்தனை படிகளை?

பார்வையாளர் பதிவேட்டில்
'குறிப்பு' என்ற கட்டம்.
எனக்கு முன்னால் சூப்பர், அருமை,
வெளிமான் கண்ணில் படவில்லை என்று
பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்த ஒருவர்.
நான் எழுதினேன்:
ஓரடி உயர்த்தப் பன்னிரண்டடி நீளம் வேண்டும்.
கோபுரம் இருபத்தைந்து அடி என்றால் முந்நூறு.
ஆகவே கோபுரம் வேண்டாம்.
உமரியைச் சுற்றி நீர்க்கரை வரை
இருநூறு அடிக்குச் செங்கல் போதும்.
நான்கடி அகலம். ஓரத்தில் கைப்பிடிக் கயிறு.
கயிறு சம்சுதீனுக்கு.
அவன் நுழைவுச் சீட்டின் விளிம்பை
அளவுகோலாக வைத்துக் கையெழுத்திட்டான்,
கோடு பிசகாமல்.
'ஒலிபெருக்கியை நிறுத்தவும்னு
சேத்துக்க' என்றான்.

மறு மாசி.
செங்கல் பாவியிருந்தார்கள்.
கயிற்றுக்குப் பதில் இரும்புக் குழாய்,
வெயிலில் சுடுகிறது.
ஒலிபெருக்கி அதே பாட்டை அலறியது.
பாதையின் வாயில் யாரோ பைக்கை நிறுத்தியிருக்க
பக்கிரிசாமி ஓடிவந்து நகர்த்தினார்.

போனேன்.
யாரும் தள்ளவில்லை.
செங்கல் இடுக்குகள் தடதடவென்று
என் பற்களை எண்ணின.
வளைந்த அலகு, அதன் கறுப்பு நுனி,
தலைகீழாய்ச் சேற்றை அரித்தெடுக்கும் பொறுமை.
தீற்றலுக்குக் கண்கள் இருந்தன, மஞ்சளாய்.
ஒன்று என்னைப் பார்த்தபடி
இரண்டாவது காலை இறக்கியது.

குதிகாலும் விரலும் ஒட்ட அடிவைத்து
பின்னாலேயே அளந்து வந்த சம்சுதீன்
செங்கல் முடியும் இடத்தில் நின்றான்.
'நூத்தறுபது.'

நாற்பது குறைகிறது.
திரும்பும்போது பதிவேட்டில்
புதுப் பக்கம் கேட்டேன்.