நடுவருக்கு, நன்றியுடன்

ஞாயிறு காலை லோரோங் கூலிட்டில்
பழைய சாமான் விரித்தவர்களுக்கு
விளையாட்டரங்கின் சுவர்தான் முதுகு.
அந்தப் பக்கம் புல் வெட்டும் இயந்திரம்.
இந்தப் பக்கம் நான்,
மாலை ஐந்துக்கு ஆயர் ஈத்தாமில்
ஓர் ஆட்டத்தை ஊதித் தொடங்க வேண்டியவள்,
குந்தி உட்கார்ந்து விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஓராங் போலா புஞ்ஞா" என்கிறார் ஊய்.
காற்பந்துக்காரனுடையது.
அவர் வாயில் எல்லாமே காற்பந்துக்காரனுடையதுதான்.
போன மாதம் ஒரு சோப்புப் பெட்டி.

வெள்ளி உறைக்கு முந்நூற்றெண்பது வெள்ளி.
சங்கிலி இல்லை.
மூடி திறக்க என் நகம் போதவில்லை,
மோட்டார் சைக்கிள் சாவியால் நெம்பிக் கொடுத்தார்.
உள்ளே, சாய்ந்த எழுத்தில்,
பிறை ரயில்வே பணிமனைக் குழு,
கிண்ணம் வென்ற நினைவாக, 1956.
அதற்குக் கீழே ஒரு பெயர்.
வேதமாணிக்கமாக இருக்க வேண்டும்.
செதுக்கியவன் நடுவில் ஒரு மாவை விழுங்கிவிட்டான்.
வேதணிக்கம்.
அதற்கும் கீழே, கண்ணை இடுக்கினால் மட்டும்:
நடுவருக்கு, நன்றியுடன்.

மறுபடி படித்தேன்.
கோல் போட்டவனுக்கு இல்லை.
பாய்ந்து விழுந்து தடுத்தவனுக்கு இல்லை.
வென்றவர்கள்
விசில் ஊதியவருக்கு
வெள்ளிக் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் ஜெலுத்தோங்கில்
எனக்குக் கொடுத்தது ஒரு தண்ணீர்ப் போத்தல்.
மூடியில்லாமல், தலைக்கு மேலே பறந்து வந்தது.
தொண்ணூற்றாறாவது நிமிடத்தில் சமன் கோல்.
"கடிகாரம் இருக்கா உனக்கு?" என்று
கோட்டுக்கு வெளியே ஒரு பயிற்சியாளர் கத்தினார்.
இருந்தது. இரண்டு கையிலும்.

வேதமாணிக்கத்தை நான் அறியேன்.
அந்தத் திடலை அறிவேன்.
மழை விட்டிருக்கும்.
தோல் பந்து தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும்,
முட்டியவனுக்கு இரண்டு நாள் காது இரையும்.
ஒன்றுக்கு ஒன்று.
அவர் மணிக்கட்டைப் பார்க்கிறார்,
பார்க்காதவர்போல் நிமிர்கிறார்,
இன்னொரு கார்னருக்கு நேரம் விடுகிறார்.
விட்டாரா?
காயம்பட்டவனைத் தூக்கிப்போன முப்பது நொடியை
உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாரா?
இந்தக் கடிகாரத்தைக் கேட்டுப் பயனில்லை.
அன்றைக்கு அது
கடைக் கண்ணாடிக்குள் விலைச்சீட்டோடு இருந்தது.

லஞ்சத்தில் பெயர் பொறிப்பார்களா?
பொறிக்க மாட்டார்கள்.
பொறித்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்
என்று தெரிந்தவர்கள் பொறிப்பார்கள்.

வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன்.
சங்கிலி மாட்டும் வளையத்தில் தேய்மானமே இல்லை,
நேற்று வார்த்ததுபோல.
ஒரு நாளும் சட்டையில் தொங்கியதில்லை.
ஆனால் சாவி கொடுக்கும் திருகு
பல்லெல்லாம் மழுங்கி
வழுக்குகிறது விரலில்.
யாருக்கும் காட்டவில்லை.
ஓடாமலும் விடவில்லை.
ஒவ்வொரு ராத்திரியும் எடுத்து, திருகி,
திரும்ப வைத்திருக்கிறார்
எந்த அலமாரியிலோ, எதற்கு அடியிலோ.

"இது ஆடினவர் கடிகாரம் இல்லை அங்கிள்,
நடுவர்" என்றேன்.
சொல்லியிருக்க வேண்டியதில்லை.
ஊய் வாங்கிப் பார்த்தார்,
எனக்குத் துக்கம் நேர்ந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.
"நடுவரையா? யார் வாங்குவா?
நூற்றிருபது கொடு."

ஆயர் ஈத்தாமில் பந்து உருண்ட நொடியில்
அதற்கும் நேரம் வைத்து
கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
தொடையில் ஒரு சின்னப் பூச்சி மாதிரி
துடித்துக்கொண்டே ஓடி வந்தது,
நான் ஓடிய இடமெல்லாம்.

கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தேன்.
மூன்று நிமிடம் முந்தியிருந்தது.
வேதணிக்கத்தின் கணக்கில்
எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தாயிற்று.
என் இரண்டு கையிலும்
இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.
சிவப்புச் சட்டைக்காரர்கள் கார்னருக்கு ஓடினார்கள்.
விசில் வாயில்தான் இருந்தது.