எண்பதாம் வாசல்

ஐந்து ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்.
யாருடையதாக இருந்ததோ,
'எஸ்' மட்டும் தேய்ந்து போயிருக்கிறது.
கன்னங்குறிச்சி மாடி அறையில்
டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேரே வைத்துவிட்டு
நான் வியர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சர்வர் என்றால்
எங்கோ குளிரூட்டிய அறையில்
காவலாளி வைத்துக் காப்பது என்றே நினைத்திருந்தேன்.
நூற்றைம்பது எம்பிதானாம்.
இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.
இரண்டு முறையும் முதலிலிருந்து.

ஸ்டார்ட்டை அழுத்தினால்
சிவப்பு.
எண்பதாம் வாசலில் ஏற்கனவே ஆள் இருக்கிறதாம்.
பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஏதோ ஒன்று,
காலி செய்யச் சொல்ல ஆளில்லாமல்
குறுக்கே படுத்திருக்கிறது.
எழுப்பத் தெரியவில்லை எனக்கு.
எட்டாயிரத்து எண்பது என்று
பக்கத்துச் சந்தில் ஒரு கதவு வைத்துக்கொண்டேன்.

பச்சை.

டேட்டாபேஸுக்குப் பெயர் ரூட்.
கடவுச்சொல் இல்லை, எண்டர் தட்டினால் போதும்.
இரவில் நான் தாழ்ப்பாள் போடாமல் விட்ட
ஒரே கதவு இதுதான்.

லூர்துநாதன் நோட்டில் எழுதித் தந்த
மினிபஸ் நேரங்களை ஏற்றினேன்.
நாகலூர் போய்
ஏழு கேள்விக்குறியாகத் திரும்பி வந்தது.
மஞ்சக்குட்டைக்குப் பன்னிரண்டு.
ஏன் ஏழு என்று விரல் விட்டு எண்ணினேன்:
'ர்' தலையில் நிற்கிற புள்ளிக்கும்
தனியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறது.
ஐந்து நாற்பதுக்குக்
கேள்வியில் புறப்பட்டு
கேள்வியில் நின்று
கேள்வி போய்ச் சேரும் பஸ்.
சேர்வராயன் மலை மொத்தமும்
இந்தப் பெட்டிக்கு யாரென்றே தெரியவில்லை.

லத்தீன் என்றிருந்த இடத்தில் யூடிஎஃப் எட்டு
என்று மாற்றக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம்.
மாற்றியும் பயனில்லை.
ஒருமுறை கேள்விக்குறியான ஊர்
தானாகப் பெயருக்குத் திரும்பாதாம்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
முதல் நிறுத்தத்திலிருந்து தட்டினேன்.
செம்மநத்தத்தில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போய்
பக்கமே வெள்ளையானது.
அதையும் வைத்தேன்.

ஒன்று பத்துக்கு
நாகலூர்
நாகலூர் என்றே வந்தது.

கொட்டாவியோடு முகவரியை அப்படியே எடுத்து
லூர்துநாதனுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

விடிகாலை பதில்:
"ஒன்னும் வரலீங்க்கா.
இணைக்க மறுக்குதுன்னு காட்டுது.
இங்க மேகம் வேற."

படுத்தபடியே சிரித்தேன்.
நூற்றிருபத்தேழு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று.
அந்த முகவரியை யார் தட்டினாலும்
அவரவர் வீட்டைத்தான் தட்டுகிறார்கள்.
நாகலூர்க் குளிரில் நின்று
அவன் தன் செல்போனையே கூப்பிட்டிருக்கிறான்,
உள்ளே யாருமில்லை.

என்னிடம் மட்டும் இருக்கிறது அவன் பஸ்,
பதினான்கு நிறுத்தங்களோடு,
யாரும் ஏற முடியாமல்.

மணி ஐந்து முப்பத்தைந்து.
எழுதினேன்:
"நீங்க கிளம்புங்க தம்பி.
இது இன்னும்
என் வீட்டை விட்டே கிளம்பல."