நூற்று எழுபது வெள்ளி

பொய் எனக்குச் சளி மாதிரி.
மழை வேண்டாம், காரணம் வேண்டாம், வந்துவிடும்.
அப்பா சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார் என்பேன்.
அவர் ஜெலுத்தோங்கில் கார் கழுவுகிறார்,
இன்னொரு வீட்டில் சாப்பிடுகிறார்.
பேருந்து அந்த முனையில் திரும்பும்போதெல்லாம்
குனிந்து காலணிக் கயிறு கட்டுவேன்.
என் காலணியில் கயிறே கிடையாது.

வகுப்புச் சட்டைக்குச் சேர்த்த பணம்,
நூற்று எண்பது வெள்ளி,
லோஜியின் பென்சில் பெட்டியில் இருந்தது.
அவள் கழிவறைக்குப் போனாள்.
அவ்வளவுதான், இதற்குமேல் கதை இல்லை.
பசி இல்லை, கடன் இல்லை,
வாங்க ஆசைப்பட்ட பொருள்கூட இல்லை.
கை போனது. கை வந்தது.

மறுநாள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.
"அவங்க அம்மா கடைக்கு மூணு மாச வாடகை பாக்கியாம்"
என்று முதலில் சொன்னது நான்தான்.
அது உண்மை.
அந்த வாரம் என் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையை
அதற்குத்தான் செலவழித்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகவில்லை.
ஜெட்டியில் இறங்கி ஃபெரி ஏறினேன்.
தீவைவிட்டுப் போகிறவளிடம்
இங்கே யாரும் காசு கேட்பதில்லை.
பட்டர்வொர்த்தில் வெயில்.
லாரிகள், துருப்பிடித்த தண்டவாளம்,
காலுறைக்குள் மடித்த நோட்டுகள்
நடக்க நடக்க என் குதிகாலில் ஊறின.
எங்கே போவது என்று
அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

திரும்பி வரத்தான் கட்டணம்.
கார்டைத் தொட்டேன், சிவப்பு.
துடைத்துவிட்டுத் தொட்டேன், சிவப்பு.
பின்னால் வரிசை நீண்டது.
"தங்கச்சி, போறியா இல்லியா?"
முகப்பில் பணம் போடப் பத்து வெள்ளி வேண்டும்.
நூற்று முப்பது பேர் பார்க்க
(பத்துப் பேர்தான் இருந்தார்கள்)
காலணியைக் கழற்றி
ஈரமான நோட்டு ஒன்றை உருவினேன்.

நடுக்கடலில் லோஜியை அழைத்தேன்.
"நான்தான் எடுத்தேன்."
இஞ்சின் சத்தம். "என்ன?" என்றாள்.
முதல்முறை சொல்வது ஒன்றுமில்லை,
இரண்டாம் முறைதான் தொண்டையில் முள்.
மூன்றாம் முறை கத்தினேன்.
மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.
"அன்னிக்கே தெரியும்" என்றாள்.
"எப்ப சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."
துண்டித்துவிட்டாள்.
அதன்பிறகு பாலம் தெரிந்தது, அது பாட்டுக்கு.

திங்கட்கிழமை புவான் நோராய்னி
மேசைமேல் இரண்டு தடவை எண்ணினார்.
நூற்று எழுபது. மீதி எங்கே?
அம்மாவுக்கு மருந்து என்ற பதில்
தலைவாரிச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு
நாக்கு நுனியில் தயாராய் நின்றது.
"திரும்பி வர ஆச்சு, டீச்சர். ஃபெரிக்கு."
"இன்னும் பொய்யா?" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்ததற்குத் தனியாக இரண்டு நாள்.
ஒழுங்கு நோட்டில் முழுப்பெயர் எழுதச் சொன்னார்:
நிஷாலினி, த/பெ குணாளன்.
அந்த இரண்டாம் பெயரை
வெகுநாள் கழித்துப் பிழையில்லாமல் எழுதினேன்.

லோஜி இப்போது ஜன்னலோரம், ஷாமினியோடு.
ஐந்து வாரம், ஒரு சொல் இல்லை.
ஒருநாள் என் அழிப்பான் உருண்டு போனது,
காலால் தள்ளிவிட்டாள், என் பக்கமாக.
அதைப் பற்றி நான் அதிகம் நினைப்பதில்லை.
நினைக்கிறேன்.

இன்று பேருந்து ஜெலுத்தோங் முனையில் திரும்பியபோது
நிமிர்ந்தே இருந்தேன்.
மஞ்சள் ரப்பர் காலணி, நுரை,
ஒரு வெள்ளை மைவியின் கூரையை
அவர் இவ்வளவு கவனமாகத் துடைப்பார் என்று
எனக்குத் தெரியாது.
"தெரிஞ்சவரா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.
"அப்பா" என்றேன்.
"எங்க இறங்கணும் நீ?"
"அடுத்த ஸ்டாப்" என்றேன்.

அது பொய். என் வீடு ஆயர் ஈத்தாமில்.
பழக்கதோஷம்.
இறங்கி,
வந்த வழியே கொஞ்ச தூரம் நடந்தேன்.